மாமியாரைத் தளர்த்த இரண்டு பேர்

மார்ச் 4

சின்னவளுக்கு,

அக்கா எழுதுகிறேன். கையெழுத்தைப் பார்த்ததும் கிழித்துவிடாதே. கடைசி வரி வரை வந்துவிட்டுக் கிழி. உன்னோடு இன்னும் பேசுகிற தையல்காரம்மாவிடம் உன் முகவரியைக் கெஞ்சி வாங்கினேன். போன் நம்பரும் கொடுத்தாள். ஆனால் போனில் நாம் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கத்துவோம். கடிதத்தில் ஒவ்வொருவராகக் கத்தலாம்.

விஷயம் இதுதான்: மாமியார் வந்திருக்கிறாள்.

எனக்குக் கல்யாணம் ஆகிவிட்டதோ என்று பயப்படாதே. தோட்டத்துக் கொட்டகையில் நின்றதே, திராட்சை பிழியும் யந்திரம், அந்த மாமியார். உள்ளே போனதைச் சக்கையாக்காமல் வெளியே விடமாட்டாள் என்று பெண்கள் அந்தப் பேரை வைத்தார்கள். முதலாளி வீட்டில் யாருக்கும் இந்தப் பேர் தெரியாது. அவர்கள் தோட்டத்தை விற்றுவிட்டு, இதை மட்டும் எங்கள் அருங்காட்சியகத்துக்கு அன்பளிப்பாகக் கொடுத்திருக்கிறார்கள். நடுக்கூடத்தில் மரமேடை போட்டு நிறுத்தி, சுற்றிலும் கயிறு கட்டி, தலைக்கு மேலே விளக்கும் வைத்தாயிற்று. மரச்சட்டக் கூடை, நடுவில் இரும்புத் திருகு, உச்சியில் அந்த நீளத் தடி, எல்லாம் அப்படியே இருக்கிறது. நாற்றம் மட்டும் இல்லை.

கயிற்றுக்கு இந்தப் பக்கம் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருப்பது நான். "தொடாதீங்க" என்று சொல்வதுதான் என் வேலை.

அம்மாவுக்கு மறதி முற்றிவிட்டது. அடுப்பை அணைக்க மறந்ததில் ஆரம்பித்தது, இப்போது அடுப்பு எதற்கு என்றே கேட்கிறாள். பகலில் பக்கத்து வீட்டம்மா பார்த்துக்கொள்வாள். போன வாரம் அவள் மகன் வீட்டுக்குப் போய்விட்டதால் அம்மாவை வேலைக்குக் கூட்டிப்போய் என் ஸ்டூலில் உட்கார வைத்தேன். நான் ஒரு பள்ளிக்கூடக் கூட்டத்தை விரட்டிவிட்டுத் திரும்பினால் ஸ்டூல் காலி. அம்மா கயிற்றுக்கு அந்தப் பக்கம் நிற்கிறாள்.

வேலை நடப்பதுபோலத் தெரியட்டும் என்று திருகை அடிவரை இறுக்கி வைத்திருக்கிறார்கள். அம்மாவுக்கு அது பொறுக்கவில்லை. "எவடி இப்படி இறுக்கி விட்டுட்டுப் போனது? ராத்திரி ஊறுச்சுன்னா சட்டம் பொளந்துக்கும், காலையில மேஸ்திரி கேட்டைத் திறக்கமாட்டான்" என்று திட்டிக்கொண்டே தடியின் வலப்பக்க முனையைப் பிடித்துத் தள்ளினாள். அது அசையவில்லை. எதிர்முனையைப் பார்த்தபடி நின்றாள். யாரோ வரவேண்டும் என்பதுபோல.

நான் போய் எதிர்முனையைப் பிடித்தேன். அம்மா சுற்றி வந்து என் கையைத் தட்டிவிட்டாள்.

"நீ போய்ப் படி. சின்னவளைக் கூப்பிடு."

அதற்குள் அலாரம் அடித்துக் காப்பாளர் ஓடிவந்துவிட்டார். நல்ல மனுஷன். எதையும் தொடாமலே பார்க்கத் தெரிந்த மனுஷன். அவர் கத்தவில்லை. மாமியாரைச் சுற்றிக் கண்ணாடிப் பெட்டி செய்யச் சொல்லிவிட்டார், அவ்வளவுதான். அடுத்த மாதம் பெட்டி வந்ததும் யாரும் கை வைக்க முடியாது.

அன்றிலிருந்து தினமும் சாயங்காலம் அம்மா கேட்கிறாள், "தளர்த்தியாச்சா?" என்று. ஆச்சும்மா என்பேன். "யாரு?" என்பாள். நானும் சின்னவளும் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டு சொல்வேன். அதற்குப் பிறகுதான் சாப்பிடுகிறாள்.

உன் பேரைச் சொல்லித் தினமும் ஒரு பொய் ஓடிக்கொண்டிருக்கிறது. உனக்குத் தெரியவேண்டும் என்றுதான் எழுதினேன். வேறொன்றுமில்லை.

அக்கா


மார்ச் 15

தொடாதீங்க துறை அலுவலர் அவர்களுக்கு,

கிழிக்கவில்லை. இரண்டாகத்தான் மடித்தேன்.

மாமியாருக்கு மேடையும் விளக்குமா? சந்தோஷம். எங்களுக்கு அந்தக் கொட்டகையில் ஒரு பல்பு கேட்டதற்கு மேஸ்திரி, "திராட்சைக்குக் கண்ணா இருக்கு?" என்று கேட்டான். அந்த மேடையில் பலகை ஏதும் வைத்திருக்கிறீர்களா? நீ அதைப் பற்றி எழுதவில்லை. எழுதவில்லை என்றால் எழுதக் கூச்சமாக இருந்திருக்கும் என்று அர்த்தம். நானே சொல்கிறேன், "இக்குடும்பத்தார் தலைமுறை தலைமுறையாக இதில் பழம் பிழிந்தனர்" என்று போட்டிருப்பார்கள். சரியா? அந்தக் குடும்பத்தில் ஒருத்தன் நகக்கண்ணிலாவது கறை இருந்ததா? எனக்கு ஊரைவிட்டு வந்த பிறகும் நகம் ஊதாவாகவே வளர்ந்துகொண்டிருந்தது.

அம்மாவுக்கு எல்லாம் மறந்துபோச்சு, "நீ போய்ப் படி" மட்டும் மறக்கவில்லையா?

உனக்கு ஞாபகம் இருக்கிறதோ இல்லையோ, எனக்கு இருக்கிறது. அப்பா இருந்தவரை தடிக்கு வலதுபக்கம் அம்மா, இடதுபக்கம் அப்பா. அப்பா எவளோடோ போனார். மறுநாளே மேஸ்திரி வந்து, இன்னொரு ஆளைக் கொண்டு வா, இல்லையென்றால் தோட்டத்து வீட்டைக் காலி பண்ணு என்றான். வீட்டில் இருந்தது நீயும் நானும். நீ மூத்தவள், ஆனால் மூச்சிழுப்புக்காரி. நான் இளையவள், ஆனால் கட்டை மாதிரி இருந்தேன். அம்மா நம் இரண்டு பேரையும் பார்த்தாள். சந்தையில் காய்கறியைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள். பிறகு என் பள்ளிக்கூடப் பையைக் கழற்றி உன் பைக்குப் பக்கத்தில் மாட்டினாள். உனக்கு மாற்றுப் பையாக இருக்கட்டும் என்று.

அன்றிலிருந்து நான் வட்டமாக நடந்தேன். நீ நேராக நடந்தாய், பள்ளிக்கூடத்துக்கு.

நான் கொட்டகைக்குப் போவதற்குக் கொஞ்ச நாள் முன்னால் உன் பள்ளிக்கூட நீலப் பாவாடை சின்னதாகிப் போனபோது, "அதை உனக்குத் தர்றேன்டி" என்றாள் அம்மா. பள்ளிக்கூடம் போகாவிட்டாலும் கொட்டகைக்காவது போட்டுக்கொண்டு போகலாம் என்று நான் காத்திருந்தேன். தரவில்லை. கேட்டதற்கு, "அது எங்கேயோ போச்சு, வேலையைப் பாரு" என்றாள். உனக்கு வேலை கிடைத்த அன்று வீட்டுக்கு வந்தவர்களிடம், "பெத்ததுல ஒண்ணாவது தேறுச்சு" என்றாள். நான் அங்கேதான் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்தேன். டம்ளரை வைத்துவிட்டுக் கிளம்பியவள்தான்.

இப்போதும் பிழிகிற வேலைதான். பெரிய ஓட்டல், அதற்குக் கீழே சலவைக்கூடம். மேலே ஒருத்தர் ஒரு ராத்திரி படுத்த விரிப்பைக் கீழே நாங்கள் துவைத்து, பிழிந்து, உருளையில் கொடுத்து எடுக்கிறோம். மேலே இருப்பவர்களுக்குக் கீழே ஒரு மாடி இருப்பதே தெரியாது. நாளைக்கு இந்த உருளையையும் உங்களை மாதிரி ஒரு இடத்தில் வைத்து விளக்குப் போடுவார்கள்.

நீ என்னை வரச் சொல்லவில்லை. சொல்ல வாய் வராமல்தான் அவ்வளவு நீளமாக எழுதியிருக்கிறாய் என்று தெரியும். வரமாட்டேன். அந்தத் தடியை இனிமேல் தொடமாட்டேன்.

இப்படிக்கு,
தேறாதது

அம்மா முழங்கால் எப்படி இருக்கிறது? சும்மா தெரிந்துகொள்ளத்தான்.


மார்ச் 24

தேறாததுக்கு,

முழங்கால் பழையபடிதான். மாடிப்படி ஏறும்போது யந்திரத்தைத் திட்டுவதுபோல முழங்காலைத் திட்டுகிறாள்.

பலகை விஷயத்தில் நீ சொன்னது சரி. "தலைமுறை" என்ற சொல் கூட அப்படியே. காப்பாளரிடம் போய், "இதில் வேலை செஞ்சவங்களைப் பத்தி ஒரு வரி போடலாமே சார்" என்றேன். "நல்ல யோசனை. ஆனா பலகையில இடமில்லையேம்மா" என்றார். அன்பளிப்புக் கொடுத்தவர்கள் பேர் பெரிய எழுத்தில் இருக்கிறது, அதனால் இடமில்லை.

உன் கடிதத்தை வாசித்துவிட்டு எனக்கும் கத்தத் தோன்றியது. முறைப்படி இது என் முறை. நீ கோபித்துக்கொண்டு கிளம்பிவிட்டாய். கோபித்துக்கொள்ள உனக்கு ஒரு ஊர் கிடைத்தது. நான் எங்கே போவேன்? அம்மாவைக் குளிப்பாட்டி, தலை வாரி, அவள் துப்பினதைத் துடைத்துவிட்டு வேலைக்கு ஓடுகிறேன். உன் பங்குப் படிப்பையும் சேர்த்து நான் படித்ததுபோல எழுதுகிறாய். படித்துவிட்டு என்ன ஆனேன்? ஸ்டூல். நீ நின்ற இடத்துக்கு எதிரே ஒரு ஸ்டூல். இழுப்பு வந்தது நான் கேட்டா வந்தது?

சரி. கத்தி முடித்துவிட்டேன். இனி வேறு விஷயம். நிதானமாகப் படி.

பெட்டி வருவதற்குள் சுத்தம் செய்ய ஒருத்தர் வந்திருக்கிறார். பஞ்சும் ஏதோ திரவமும் வைத்துக்கொண்டு அங்குலம் அங்குலமாகத் துடைப்பார். இன்று விடுமுறை நாள், கூடத்தில் நாங்கள் இரண்டு பேர்தான். தடியின் இடதுமுனையில் கறுப்பாகக் கட்டிதட்டி ஏதோ இருந்தது. தார் என்றே நினைத்திருந்தேன். அவர் ஓரத்தை ஈரப்படுத்தித் தூக்கினார். துணி. திராட்சைச் சாறு ஊறி ஊறி மரம் மாதிரி ஆகிவிட்ட துணி. மேலே ஒரு சுற்று, அதற்கடியில் இன்னொன்று. உள்மடிப்பில் வெளிச்சம் படாத இடத்தில் நீலம்.

கிட்டே போய்ப் பார்த்தேன். மடிப்பு வைத்துத் தைத்த நீலம். ஓரத்தில் வெள்ளை நூலில் ஒரு தையல். வீட்டில் நீல நூல் இல்லாததால் நானே வெள்ளை நூலில் தைத்த தையல். வகுப்பில் அதற்காக என்னைக் கேலி செய்தார்கள். அது என்னுடையது என்று எனக்குத் தெரியாதா?

"சார், அதை எடுக்காதீங்க" என்றேன். ஏன் என்றார். "அது என் பாவாடை" என்றால் என்ன நினைப்பார்? "எடுத்தா மரமும் சேர்ந்து வரும்" என்று அடித்துவிட்டேன். அவரும் விட்டுவிட்டு, குறிப்பில் "பிற்சேர்க்கை" என்று எழுதிக்கொண்டார்.

வலதுமுனையில் துணி இல்லை. வெறும் மரம், அம்மாவின் கை தேய்த்துத் தேய்த்து வழுவழுப்பானது.

சாயங்காலம் சோறு பிசைந்து கொடுக்கும்போது கேட்டேன். "ஏம்மா, மாமியாருக்கு ஒரு பக்கம் மட்டும் துணி சுத்தியிருக்கே, எதுக்கு?" அம்மா என்னை ஒரு மாதிரி பார்த்தாள். இது கூடத் தெரியாத ஒருத்தி இருப்பாளா என்பதுபோல. "சின்னவ கை பிஞ்சுல்ல" என்றாள். "நனைஞ்சா கொப்பளிக்கும். மாத்திக்கிட்டே இருக்கணும்."

இவ்வளவுதான் சொன்னாள். நான் ஒன்றும் சேர்க்கவில்லை.

இன்னொன்று. பெட்டிக்காரர்கள் அளவெடுத்துப் போனார்கள். தடியின் ஒரு முனை பெட்டிக்கு வெளியே நீட்டிக்கொண்டு வருகிறது. தடியைக் கொஞ்சம் திருப்பி நிறுத்தவேண்டும். பெட்டிக்காரப் பையன்கள் தொங்கிப் பார்த்தும் அசையவில்லை. ஏப்ரல் 12, சனிக்கிழமை, பெட்டி வருகிறது. "அதுக்குள்ள இதைத் திருப்ப ரெண்டு ஆள் கிடைக்குமாம்மா?" என்று காப்பாளர் கேட்டார்.

"கிடைக்கும் சார்" என்று சொல்லிவிட்டேன்.

இப்போது கேட்கிறேன். வா.

அக்கா


ஏப்ரல் 2

அக்கா,

உன் கடிதம் சலவைக்கூடத்து முகவரிக்கே வந்தது. சாப்பாட்டு நேரத்தில் பிரித்தேன். என்னோடு உருளையில் நிற்பவள், "யாராச்சும் போயிட்டாங்களா?" என்று கேட்டாள். "இல்ல, ஒரு பாவாடை கிடைச்சிருக்கு" என்றேன். அவள் என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

அந்தத் துணி எனக்குத் தெரியும். நான் ஊரைவிட்டுக் கிளம்பும்வரை அது இருந்தது. முதல் நாள் வெறும் மரம், கை கொப்பளித்தது. மறுநாள் பார்த்தால் துணி. மேஸ்திரி சுற்றியிருப்பான், இல்லை எதிர்வரிசைப் பெண்கள் யாராவது பாவம் பார்த்திருப்பார்கள் என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தேன். நிறம் பார்க்கக் கொட்டகையில் வெளிச்சம் ஏது? மறுநாளே சாற்றில் கறுத்துவிட்டது.

ஆக எனக்கும் பள்ளிக்கூடச் சீருடை கிடைத்திருக்கிறது. அதைப் பிடித்துக்கொண்டுதான் சுற்றியிருக்கிறேன். சிரிப்பதா என்ன செய்வதா என்று தெரியவில்லை.

ஆனால் ஒன்று சொல்லிவிடுகிறேன். இதைக் காட்டி அம்மாவை நல்லவளாக்கிவிடாதே. துணி சுற்றியதும் அம்மாதான், தடியில் நிறுத்தியதும் அம்மாதான். ஒன்றை எடுத்துவிட்டு இன்னொன்றை மட்டும் வைத்துக்கொள்ள எனக்கு வரவில்லை. அம்மாவை அந்த நிலைமையில் நிறுத்தினவர்கள் உங்கள் பலகையில் பெரிய எழுத்தில் இருக்கிறார்கள். அவர்கள் மேல் படவேண்டிய கோபத்தை நான் வீட்டுக்குள்ளேயே செலவழித்துவிட்டேன் என்று இப்போது தோன்றுகிறது. அதுவும் முழுதாகத் தோன்றவில்லை. பாதிதான்.

மேற்பார்வையாளரிடம் விடுப்புக் கேட்டேன். "யாரு செத்தது?" என்றான். "யாரும் சாகலை, அதுக்கு முன்னாடி போறேன்" என்றேன். கையெழுத்துப் போட்டுக் கொடுத்தான்.

11ஆம் தேதி, வெள்ளிக்கிழமை சாயங்காலம் வருவேன். நிலையத்துக்கு வராதே, வழி தெரியும். அம்மா என்னை யார் என்று கேட்டால் அடுத்த வண்டியிலேயே திரும்பிவிடுவேன். அதையும் இப்போதே சொல்லிவைக்கிறேன்.

சின்னவள்


ஏப்ரல் 16

அக்கா,

வந்து சேர்ந்தேன். கூட்டத்தில் நின்றுகொண்டே வந்ததால் கால் வீங்கியிருக்கிறது. தோளும் வலிக்கிறது. அது வண்டியால் இல்லை.

உன்னிடம் நேரில் சொல்ல வராததை எழுதுகிறேன். நேரில் நீ அழுதுகொண்டே இருந்தாய், நான் தட்டுக் கழுவிக்கொண்டே இருந்தேன்.

கதவைத் திறந்த அம்மா, "யாரும்மா நீங்க? உள்ள வாங்க" என்றாளே, அந்த மரியாதையைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. அடித்திருந்தால் கூட நின்றிருப்பேன். பையைத் தூக்கினேன். நீ பையின் வாரைப் பிடித்துக்கொண்டாய். விடாமல் பிடித்துக்கொண்டு நின்றாய். இழுப்புக்காரிக்கு அவ்வளவு பிடி எங்கிருந்து வந்தது?

மறுநாள் கூடத்தில் அம்மா என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கயிற்றை அவிழ்த்ததும் நேராகப் போய் வலதுமுனையைப் பிடித்தாள். பெட்டிக்காரர்கள், "இந்தப் பாட்டியம்மாவா?" என்று சிரித்தார்கள். நான் மேடைக்குக் கீழேயே நின்றேன். கொட்டகை வாசலில் முதல் நாள் நின்றபோதும் இப்படித்தான் இருந்தது.

அப்போது அம்மா, "வேடிக்கை பார்த்துக்கிட்டு நிக்கறா பாரு. பிடிடி" என்றாள்.

பிடித்தேன். துணி காய்ந்து முரடாக இருந்தது, ஆனால் என் பிடிக்கு ஏற்ற பள்ளம் அப்படியே இருந்தது. இப்போது என் கை அதைவிடப் பெரிசு.

அம்மா எப்போதும்போல மூச்சை உள்ளே இழுத்தாள். அந்தச் சத்தம்தான் எங்களுக்குக் கணக்கு. நானும் இழுத்தேன். துரு உதிர்ந்தது, திருகு ஒரு முனகல் முனகியது, மாமியார் நகர்ந்தாள். காப்பாளர், "போதும், போதும், அவ்வளவுதான் வேணும்" என்றார். அம்மா நிறுத்தவில்லை. தளர்த்தி முடிக்காமல் அம்மா எப்போது நிறுத்தியிருக்கிறாள்? தடி மேலே ஏற ஏற நாங்கள் சுற்றினோம். அவர் பதறிக்கொண்டு அம்மா கையைப் பிடிக்க வந்தார்.

அந்த இடத்தில்தான் நீ குறுக்கே போய் நின்றாய். இரண்டு கையையும் விரித்துக்கொண்டு.

"அவங்களைத் தொடாதீங்க சார்."

உன் வேலையை நீ சரியாகச் செய்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

முடிந்ததும் அம்மா என் கையைப் பிடித்துத் திருப்பி, கட்டைவிரலால் உள்ளங்கையைத் தேய்த்துப் பார்த்தாள். "செவந்திருக்கு. நாளைக்குத் துணி மாத்திடறேன்" என்றாள். சிவந்தது சலவைச் சோடாவால். எந்த வேலையால் சிவந்தால் என்ன, சிவந்ததை ஒருத்தி பார்த்தாள். பிறகு பசிக்கிறது என்று உன்னிடம் போய்விட்டாள். திரும்பி வீட்டுக்கு வரும் வழியிலேயே மறுபடி என்னை "நீங்க" என்றாள். இந்தத் தடவை வண்டி ஏறத் தோன்றவில்லை.

உன்னை ஏதாவது செய்தார்களா? மறைக்காமல் எழுது.

சின்னவள்


ஏப்ரல் 27

சின்னவளுக்கு,

மறைக்கவில்லை. விளக்கம் கேட்டார்கள். "ஆள் கேட்டீங்க, கூட்டி வந்தேன்" என்று எழுதிக் கொடுத்தேன். இப்போது என்னைக் கூடத்திலிருந்து எடுத்து வாசலில் டிக்கெட் ஜன்னலுக்குப் போட்டிருக்கிறார்கள். காற்று வருகிறது. இழுப்புக்கு நல்லது.

மாமியார் தளர்ந்துதான் நிற்கிறாள். தடி உயர்ந்துவிட்டதால் பெட்டி பொருந்தவில்லை. மறுபடி இறுக்கப் பெட்டிக்காரர்கள் மல்லுக்கட்டிப் பார்த்தார்கள், பாதி வழியில் கூட வரவில்லை. காப்பாளர் என் ஜன்னலுக்கு வந்து தயங்கித் தயங்கி, "அந்த ரெண்டு ஆள் மறுபடி கிடைப்பாங்களா?" என்றார். "இறுக்கறதுக்குக் கிடைக்கமாட்டாங்க சார்" என்றேன். உயரமான கண்ணாடி வரவழைத்து மூடிவிட்டார்கள்.

பலகையை மாற்றவில்லை. மாற்றமாட்டார்கள். ஆனால் டிக்கெட் என் கையைத் தாண்டித்தானே உள்ளே போகவேண்டும்? ஒவ்வொருத்தரிடமும் சொல்லி அனுப்புகிறேன், "நடுக்கூடத்துல ஒரு யந்திரம் இருக்கும். தடியோட இடது முனையில கறுத்த துணி, உள்மடிப்புல நீலம் தெரியும், குனிஞ்சு பாருங்க. அதைப் பிடிச்சுத் தள்ளினது என் தங்கச்சி." சிலர் என்னை ஒரு மாதிரி பார்க்கிறார்கள். சிலர் வெளியே வரும்போது, "பார்த்தோம்மா" என்கிறார்கள். ஒரு பெண், "வலது முனையில யாரு?" என்று கேட்டாள். அதையும் சொன்னேன்.

அம்மா இன்னும் கேட்கிறாள். மறந்துவிடுவாள் என்று நினைத்தேன், மறக்கவில்லை.

"தளர்த்தியாச்சா?"

"ஆச்சும்மா."

"யாரு?"

"நீயும் சின்னவளும்."

இந்த இடத்தில் முகத்தைத் திருப்பிக்கொள்வது வழக்கம். இப்போது அம்மாவை நேராகப் பார்த்தே சொல்கிறேன். அவளும் தலையாட்டிவிட்டுத் தட்டை இழுத்துக்கொள்வாள். நேற்று மட்டும் கை வைக்காமல் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். என்னம்மா என்றேன்.

"அவ சாப்பிட்டாளா?" என்றாள்.

ஆச்சு என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. உன் பேரில் இனிப் பொய் சொல்வதில்லை என்று வைத்திருக்கிறேன். கேட்டு எழுதுகிறேன் என்றேன். எழுதிவிட்டேன்.

சாப்பிட்டாயா?

அக்கா